நெஞ்சுக்குள் ஏறிய குடல்... காட்டிக்கொடுக்கும் ஸ்கேன்!

எப்போதோ பட்ட அடி... எவ்வளவு மாத்திரை போட்டும் தீராத ‘கேஸ் டிரபிள்’... இரண்டுக்கும் நடுவே ஓர் ஓட்டை இருக்கலாம்!

‘ஹெர்னியா’ என்ற சொல் நம் வீடுகளில் பழக்கமானதுதான். தொப்புளைச் சுற்றியோ தொடை இடுக்கிலோ புடைத்துக்கொண்டு நிற்கும். இருமினால் பெரிதாகும்; படுத்தால் உள்ளே போய்விடும். குடல் கீழே இறங்குவதால் தமிழில் அதைக் குடலிறக்கம் என்கிறோம்.

அதே குடல் கீழே இறங்காமல், மேலே ஏறி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால்?

அப்படியும் நடக்கும். அதற்கு ‘உதரவிதான ஹெர்னியா’ என்று பெயர். கிராமத்தில் குழந்தைகளுக்குச் சொல்லும் ‘குடலேற்றம்’ வேறு, இது வேறு. எண்ணெய் போட்டு வயிற்றை உருவிவிட்டால் இது சரியாகாது. வெளியில் புடைப்பு தெரியாது, தொட்டுப் பார்த்தாலும் கைக்குச் சிக்காது. அதனால்தான் வருடக்கணக்கில் ‘வாயுத் தொல்லை’ என்ற பெயரில் ஒளிந்திருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று உயிருக்கே உலை வைக்கிறது.

இந்த ஒளிவிளையாட்டைக் கண்டுபிடிக்க, கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இப்போது நெஞ்சின் மேலும் வைத்துப் பார்க்கப்படுகிறது. பெரிய மருத்துவமனைகளைவிட, உத்திரமேரூர் போன்ற ஊர்களுக்குத்தான் இதனால் அதிகப் பயன்.

நடுவில் ஒரு தடுப்பு

நம் உடம்பில் நெஞ்சு மேல் மாடி, வயிறு கீழ்த்தளம். மேலே இதயமும் நுரையீரல்களும் இருக்கின்றன. கீழே இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், குடல். இரண்டு தளங்களையும் பிரிக்கும் தடுப்புதான் உதரவிதானம். குடைபோல வளைந்த, மெல்லிய தசை அது.

இந்தத் தசை கீழே இறங்கினால் மூச்சு உள்ளே போகிறது; மேலே ஏறினால் வெளியே வருகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 தடவை இப்படி ஏறி இறங்குகிறது. உணவுக்குழாயும் பெரிய ரத்தக்குழாய்களும் கடந்துபோக அதில் இயற்கையான வழிகள் உண்டு. அவற்றைத் தவிர வேறு ஓட்டை இருக்கக் கூடாது.

ஓட்டை விழுந்தால் அது தானாக மூடிக்கொள்வது கடினம். காரணம், அந்தத் தசைக்கு ஓய்வே இல்லை. அதோடு, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவு, வயிற்றுக்குள் அதிகம். அதனால் வயிற்றில் இருப்பவை மூச்சுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கப்படுகின்றன. முதலில் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வு நுழையும். பிறகு இரைப்பை, பெருங்குடல், மண்ணீரல் என்று ஒவ்வொன்றாக மேல் மாடிக்குக் குடிபோகும்.

ஓட்டை எப்படி வருகிறது?

சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். கருவில் இந்தத் தசை முழுமையாக மூடிக்கொள்ளாததால் வருவது அது. பெரிய ஓட்டையாக இருந்தால் பிறந்த உடனேயே குழந்தைக்கு மூச்சுத் திணறும். சிறியதாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் 40, 50 வயது வரைகூடப் போய்விடும். முதுகுப் பக்கம் வருவதை 1848-ல் விளக்கியவர் போக்டாலெக் என்ற உடற்கூறு நிபுணர். அதனால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நெஞ்செலும்புக்குப் பின்னால் வருவதற்கு 18-ம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் மோர்காக்னியின் பெயர்.

பெரியவர்களுக்கு வரும் இன்னொரு முக்கியக் காரணம் அடி. வேகமாக வரும் வண்டி மோதி வயிறு ஒரே நொடியில் நசுங்கும்போது, உள்ளே ஏறும் அழுத்தத்தில் உதரவிதானம் கிழிந்துவிடலாம். உயரத்திலிருந்து விழுந்தாலும் இதே ஆபத்து. கத்திக்குத்து, மாடு முட்டுவது, கூர்மையான கம்பி குத்துவது போன்றவற்றில் சின்னதாக ஓட்டை விழலாம். வலப் பக்கம் கல்லீரல் மெத்தைபோல முட்டுக்கொடுப்பதால், மேலே ஏறும் ஹெர்னியா இடப் பக்கத்தில்தான் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது.

இப்போது உத்திரமேரூர் வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். ஏரிப் பாசனமும் வயல்களும் நிறைந்த ஊர்கள். டிராக்டர், பனை, தென்னை, மாடு எல்லாம் அன்றாட வாழ்க்கையில் உண்டு. கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ள பகுதி என்பதால் டிப்பர் லாரிகளின் ஓட்டமும் உண்டு. அதே சாலைகளில்தான் டூ வீலரில் வேலைக்குப் போகிறவர்களும் போகிறார்கள். அடிபட இத்தனை வழிகள் இருக்கும் இடத்தில், அடிபட்ட பிறகு வரும் பிரச்னைகளையும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

8 மாதம் கழித்து வந்த எமன்

இந்த நோயின் குணத்தைப் புரிந்துகொள்ள 400 வருடங்களுக்கும் மேல் பின்னால் போக வேண்டும். பிரான்ஸின் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் அம்ப்ருவாஸ் பாரே, 1579-ல் ஒரு பீரங்கிப் படைத் தலைவரைப் பற்றி எழுதினார். அவர் மீது குண்டு பாய்ந்தது, காயம் ஆறியது, பிழைத்துக்கொண்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 8 மாதம் கழித்துக் கடும் வயிற்றுவலியில் இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோது, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத்தான் உதரவிதானத்தில் ஓட்டை. அதில் பெருங்குடல் புகுந்து இறுகியிருந்தது.

ஓட்டை சின்னதென்றால் ஆபத்தும் சின்னது என்று நினைக்க முடியாது. பெரிய வாசலில் போன குடல் திரும்பி வரலாம். சின்ன ஓட்டையில் நுழைந்தது கழுத்து நெரிபட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கும்.

1974-ல் க்ரைம்ஸ் என்ற மருத்துவர் இந்த நோயை 3 கட்டங்களாகப் பிரித்தார். முதல் கட்டம், அடிபட்ட நேரம். எலும்பு முறிவு, ரத்தக்கசிவு என்று பெரிய காயங்கள் கவனத்தை இழுத்துக்கொள்வதால் உதரவிதானக் கிழிசல் தப்பிவிடும். இரண்டாவது, அமைதியான கட்டம். அது மாதங்களாகலாம், வருடங்களாகலாம். மூன்றாவது, அடைப்புக் கட்டம். பாரே எழுதிய படைத்தலைவர் மாட்டிக்கொண்டது இதில்தான்.

மருத்துவர்கள் பிடிக்க விரும்புவது இரண்டாவது கட்டத்தில். ஆனால் அந்தக் கட்டத்தில் தெரியும் அறிகுறிகள் சாதாரணமானவை. சாப்பிட்டால் இடப் பக்க நெஞ்சில் பாரம், படுத்தால் மூச்சு வாங்குதல், அடிக்கடி குமட்டல், இடது தோள்பட்டையில் வலி, நெஞ்சுக்குள் ‘கடமுட’ சத்தம். இதற்கு நம் ஊரில் என்ன செய்வோம்? மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்குவோம். இல்லாவிட்டால் ஓமத் தண்ணீரோ சோடாவோ குடிப்போம். ஏப்பம் வந்தால் கொஞ்சம் லேசாக இருக்கும். ‘கேஸ்தான்’ என்று நாமே முடிவு செய்துவிடுவோம்.

காற்று என்று ஏமாற்றும் இரைப்பை

ஓர் உதாரணத்துக்கு, 45 வயது விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 6 வருடங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து இடப் பக்க விலா எலும்பு உடைந்து குணமானவர். ஒருநாள் இரவு மூச்சுத் திணறலோடும் வாந்தியோடும் மருத்துவமனைக்கு வருகிறார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இடப் பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. எக்ஸ்ரேயில் இடப் பக்கம் கருப்பாகக் காற்று தெரிகிறது.

அவசரத்தில் பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது என்ன? நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான். அதற்கான சிகிச்சை, விலா எலும்புகளுக்கு நடுவே துளையிட்டுக் குழாய் போடுவது. உண்மையிலேயே காற்று அடைத்திருந்தால் அந்தக் குழாய்தான் உயிரைக் காப்பாற்றும், தாமதிக்கவே கூடாது. ஆனால் அந்தக் காற்று, நெஞ்சுக்குள் ஏறி வீங்கியிருக்கும் இரைப்பையின் காற்றாக இருந்தால்? குழாய் நேராக இரைப்பையைக் குத்திவிடும். அதில் இருக்கும் அமிலமும் உணவும் நெஞ்சுக்குள் கொட்டிவிடும். நோயைவிட சிகிச்சை மோசமாகிவிடும்.

இரைப்பைதான் காரணம் என்று தெரிந்தால், முதல் உதவி முற்றிலும் வேறு. மூக்கு வழியாக இரைப்பைக்குள் மெல்லிய டியூபைச் செலுத்தி, காற்றையும் நீரையும் வெளியேற்ற முயல்வார்கள். பிறகு அறுவை சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

இதேபோல் குடலுக்குள் இருக்கும் நீர், நுரையீரலைச் சுற்றிக் கோத்த நீர் மாதிரியும் எக்ஸ்ரேயில் தெரியலாம். ஊசி போட்டு உறிஞ்சப் போனால் அங்கேயும் அதே ஆபத்துதான்.

ஊசியா, குழாயா என்று முடிவெடுக்கும் முன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும்? அந்த வேலையைத்தான் ஸ்கேன் செய்கிறது.

ஸ்கேன் திரையில் என்ன தெரியும்?

நம் காதுக்குக் கேட்கும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான். மருத்துவ ஸ்கேன் பயன்படுத்துவது வினாடிக்குச் சுமார் 20 லட்சம் முதல் 1.5 கோடி அதிர்வுகள் வரை. அந்த ஒலி உடம்புக்குள் போய் எதிரொலித்துத் திரும்புவதைப் படமாக்குகிறார்கள். கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தயங்காமல் எடுக்கலாம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்து, 1958-ல் முடிவுகளை வெளியிட்டார். வயிற்று ஸ்கேன் பரவலாக அதுவே வழிவகுத்தது. ஆனால் நெஞ்சுக்கு இது உதவாது என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. காற்று ஒலியைத் தடுத்துத் திருப்பிவிடும் என்பதே காரணம். பிரான்ஸைச் சேர்ந்த தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிஷ்டன்ஸ்டைன் போன்றவர்கள் அந்த நம்பிக்கையை மாற்றினார்கள். மூச்சுத் திணறலோடு வருபவருக்கு நுரையீரல் ஸ்கேன் மூலம் காரணத்தைத் தேடும் முறையை அவர் 2008-ல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஸ்டெதாஸ்கோப்புக்கு அடுத்து கை போவது ஸ்கேன் புரோபுக்குத்தான்.

விலாவின் பக்கவாட்டில் ஜெல் தடவி புரோபை வைத்தால், நல்ல நிலையில் இருப்பவருக்குத் தெரிவது இதுதான்: வலப் பக்கம் கல்லீரல், இடப் பக்கம் மண்ணீரல். அதற்கு மேல் பளிச்சென்று வெள்ளையாக ஒரு வளைந்த கோடு. அதுதான் உதரவிதானம். மூச்சை இழுக்கும்போது அந்தக் கோடு கீழே இறங்கும். மேலிருந்து நுரையீரல் திரைச்சீலைபோல இறங்கிப் படத்தை மூடும்.

ஹெர்னியா இருந்தால் காட்சி மாறும். வெள்ளைக் கோடு நடுவில் அறுந்திருக்கும், அல்லது ஒரு பக்கம் கோடே தெரியாது. இருக்க வேண்டிய இடத்தில் மண்ணீரலைக் காணோம் என்றாலும் சந்தேகம் வரும். எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி, நெஞ்சுக்குள் குடல் நெளிவது. மண்புழு ஊர்வதுபோன்ற அந்த அசைவு நுரையீரலுக்குக் கிடையாது. சுற்றிக் கோத்த நீருக்கும் கிடையாது. எக்ஸ்ரே ஒரு நொடியின் புகைப்படம். ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ. அதனால்தான் எக்ஸ்ரே காட்டாத இந்த நெளிவை ஸ்கேன் காட்டிக்கொடுக்கிறது.

எல்லாவற்றையும் காட்டிவிடுமா?

காட்டாது. ஸ்கேன் தருவது சந்தேகம். தீர்ப்பு பெரும்பாலும் சி.டி. ஸ்கேனில்தான் கிடைக்கும். ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, என்னென்ன மேலே போயிருக்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டுவது அதுதான்.

இடப் பக்கம் இரைப்பையிலும் குடலிலும் காற்று இருப்பதால் ஸ்கேன் படம் மறைந்துபோவது உண்டு. உடல் பருமனாக இருந்தாலும் கஷ்டம். சின்ன ஓட்டை, அதுவும் இன்னும் எதுவும் மேலே ஏறாத நிலை என்றால் தப்பிவிடலாம். குடல் மாட்டிக்கொண்டு அசைவு நின்றுவிட்டாலும் குழப்பம் வரும். எனவே, ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்றால் ‘நோயே இல்லை’ என்று பொருளல்ல. பார்ப்பவரின் பயிற்சியும் அனுபவமும் மிக முக்கியம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். உணவுக்குழாய் நுழையும் இயற்கையான வழி தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி மேலே நழுவுவதை ‘ஹயாட்டஸ் ஹெர்னியா’ என்பார்கள். நெஞ்செரிச்சலோடு வருபவர்களுக்கு எண்டோஸ்கோப்பியில் இது அடிக்கடி தெரியவரும். பெரும்பாலும் மருந்தாலும் உணவுப் பழக்கத்தாலும் சமாளித்துவிடலாம். அதைப் பார்த்து, அடிபட்டதால் வரும் ஹெர்னியா என்று பயப்பட வேண்டாம்.

உதரவிதானக் கிழிசல் உறுதியானால், மாத்திரையில் சரியாகாது. மேலே ஏறியதைக் கீழே கொண்டுவந்து, ஓட்டையைத் தைத்து மூட வேண்டும். பெரிய ஓட்டை என்றால் வலை வைத்து மூடுவார்கள். குடல் மாட்டிக்கொள்ளும் முன் செய்தால் திட்டமிட்ட அறுவை சிகிச்சை. பலருக்கு லேப்ராஸ்கோப்பியிலேயே முடித்துவிடலாம். மாட்டி அழுகிய பிறகு செய்தால் அது உயிர்ப் போராட்டம்.

உத்திரமேரூருக்கு ஏன் முக்கியம்?

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஏறத்தாழ 30 கி.மீ. செங்கல்பட்டில் 1965-ல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டு தனி மாவட்டமானது. உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நின்றது. ஆனால் நோயாளிக்கு மாவட்ட எல்லை முக்கியமில்லை. எங்கே சி.டி. ஸ்கேனும் அறுவை சிகிச்சை நிபுணரும் இருக்கிறார்களோ, அங்கே நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் முக்கியம்.

அந்த 30 கி.மீ. பயணத்துக்கு முன் எடுக்கும் முடிவில்தான் ஸ்கேனின் மதிப்பு இருக்கிறது. ‘காற்று அடைப்பு’ என்று குழாய் போடுவதா, ‘இரைப்பை மேலே ஏறியிருக்கிறது’ என்று மூக்கு டியூப் போட்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி அனுப்புவதா? படுக்கை அருகிலேயே சில நிமிடங்களில் செய்யும் ஸ்கேன் இந்த முடிவுக்கு உதவும்.

‘அப்படியென்றால் ஸ்கேன் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகலாமே’ என்று தோன்றும். முடியாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் கொண்டுவரப்பட்ட சட்டம், ஒவ்வொரு ஸ்கேன் கருவியையும் பதிவு செய்யச் சொல்கிறது. எங்கே, யார் இயக்கலாம் என்பதற்கும் விதிகள் உண்டு. கையடக்கக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டம் தேவையானது. அதற்கு உட்பட்டே, பதிவு பெற்ற கருவி இருக்கும் மருத்துவமனைகளில் அவசர சிகிச்சை மருத்துவர்களுக்கு நெஞ்சு ஸ்கேன் பயிற்சி கிடைத்தால், வயிற்றுக்கு வாங்கிய கருவியே நெஞ்சுக்கும் பயன்படும். தனியாக ஒரு மெஷின் தேவையில்லை.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

* மூச்சுத் திணறலுக்கோ தொடர் வயிற்றுத் தொல்லைக்கோ டாக்டரிடம் போனால், பழைய விபத்து, மரத்திலிருந்து விழுந்தது, மாடு முட்டியது, கத்திக்குத்து எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 10 வருடத்துக்கு முந்தையதாக இருந்தாலும் பரவாயில்லை. குறிப்பாக, இடப் பக்க விலாவில் அடிபட்டதைச் சொல்லுங்கள்.

* விபத்து நேரத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய எக்ஸ்ரேயைப் பழையதோடு ஒப்பிட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

* சில வாரங்களாகத் தினமும் கேஸ் மாத்திரை தேவைப்படுகிறது என்றால், மெடிக்கல் ஷாப்போடு நிறுத்திக்கொள்ளாமல் டாக்டரைப் பாருங்கள்.

* கடுமையான நெஞ்சுவலி அல்லது வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மலமும் காற்றும் பிரியாமல் வயிறு உப்புதல், மூச்சுத் திணறல்... இவை வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். வயிற்றைத் தடவி உருவாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மாரடைப்புக்கும் இதே அறிகுறிகள் வரலாம் என்பதால், எந்தக் காரணமாக இருந்தாலும் வேகம்தான் முக்கியம்.

* கர்ப்பிணிகள் கவனிக்க: வயிறு பெரிதாகும்போது உள்ளே அழுத்தம் கூடும். அதுவரை தெரியாத ஓட்டை அப்போது வெளிப்படலாம். கர்ப்ப காலத்தில் வாந்தியும் மூச்சு வாங்குவதும் சகஜம்தான். ஆனால் ஒரு பக்க நெஞ்சுவலியோடு சேர்ந்து வந்தாலோ, பிந்தைய மாதங்களில் திடீரென்று அதிகமானாலோ டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

* விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்-நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் இது. பின்னாளில் வரும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் மருத்துவ ஆலோசனை பெறலாம்.

பரிசோதனைகள் எவ்வளவு வந்தாலும், எங்கே தேட வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றினால்தான் ஸ்கேன் புரோப் அந்த இடத்துக்குப் போகும். அதைத் தோன்றவைப்பது நீங்கள் சொல்லும் ஒரு வரி.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சபைக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதையெல்லாம் கல்லில் வெட்டிவைத்தார்கள். 1,100 வருடம் கழித்தும் அதைப் படித்துக் குடவோலை முறையைத் தெரிந்துகொள்கிறோம். ஊரின் கதையை அவ்வளவு பத்திரமாக எழுதிவைத்தவர்கள் நாம். நம் உடம்புக்கு எப்போது அடிபட்டது, எங்கே அடிபட்டது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி, மருத்துவ ஃபைலோடு வைத்துவிடுவோம். வீட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பக்கம் போதும்.